வின்சன்டின் நாற்பது முடிச்சுகள்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதைக்கு உயிர் வந்தது நான் பனியில் பொத்தென்று விழுந்தபோதுதான். அதற்கு முன் மூன்று மாதமாக அது அசையாமல் படுத்துக் கிடந்தது.

இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் மொன்றியலிலிருந்து மேற்கே, வரைபடமே இல்லாத நிலத்துக்குள் எட்டுப் பேர் நடந்து

[‘வரைபடமே இல்லாத’ என்பதை அடித்துவிட்டேன். அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஒவ்வொரு ஓடையும் தெரியும். வரைபடம் இல்லாதது வந்தவர்களிடம்தான்.]

இப்படி ஒரு பயணம் நடந்ததா என்று தேடி மினக்கெடாதீர்கள். முழுக்க நான் கட்டியது. ஆனால் அந்த எட்டுப் பேரில் வின்சன்ட் மட்டும் எனக்கு வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டான்.

2

வின்சன்டின் வேலை எண்ணுவது. காலடிகளை எண்ணி, ஆயிரத்துக்கு ஒரு முடிச்சு என்று கயிற்றில் போடுவான். அந்த முடிச்சுகளை வைத்துத்தான் தலைவர் வரைபடம் கீறுவார். பதினொரு வருடத்தில் ஒரு தரம்கூடப் பிசகாதவன், அந்த மிதப்பும் கொஞ்சம் உண்டு. நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைப்பான்.

கோடை முடிவில் மேற்கே போகும்போது, திரும்பி வருகையில் தின்பதற்கென்று உலர்ந்த இறைச்சியை ஒரு வெட்டவெளியில் கற்களுக்கடியில் வைத்தார்கள். அங்கிருந்து அடுத்த ஏரிவரை நாற்பது முடிச்சு. மேற்கு மலைகளைக் கண்டு, கீறி முடித்துத் திரும்பினால் ஊரெல்லாம் பனி. ஏரியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து நாற்பதாவது முடிச்சில் நின்றார்கள். எந்தப் பக்கமும் வெள்ளை. பனியைத் தோண்டினார்கள், புல். இன்னோரிடத்தில் தோண்டினார்கள், அங்கேயும் புல்தான். பையில் ஒரு நாள் சாப்பாடு மிச்சம்.

யாரோ எடுத்துவிட்டார்கள், ஏரிக்கே திரும்பிப் போய் மீன் பிடிப்போம் என்றார் தலைவர். வின்சன்டும் தலையாட்டினான், ஏனென்றால்

ஏனென்றால் என்ன? இந்த இடத்தில்தான் நானும் மூன்று மாதம் நின்றேன்.

3

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். (அ) எட்டுப் பேரும் பனியில் போய்ச் சேருகிறார்கள். (ஆ) எங்கிருந்தோ ஒரு மான் தானாக வந்து துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறது.

என் மகள் சுதாஜினி லொங்குய்யில் வேலை முடிந்து வரும்போது மெட்ரோவில் வாசித்தாள். மானுக்கு விழுந்து விழுந்து சிரித்தாளாம். மற்றதற்குச் சிரிக்கவில்லை.

“பதினொரு வருசம் பிழைவிடாத மனிசன் அம்மா. இவரச் சாகவிட்டீங்கெண்டா உங்கட கதை ஒண்டும் இனி வாசிக்கமாட்டன்.”

இருக்கிற ஒரே வாசகி. அவளும் போனால் என் கதி?

இனி, விழுந்த கதை. வின்சன்டைப் பிடித்துக்கொள்வதற்காக ஒக்டோபரிலேயே பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டிலிருந்து அக்காடி மெட்ரோவரை எண்ணி நடந்திருந்தேன்: அறுநூற்றுப் பன்னிரண்டு அடி.* சனவரியில் ஒருநாள் மறுபடி எண்ணினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு என்று நிமிர்ந்தால் மெட்ரோவைக் காணோம். முக்கால் வழிகூட வரவில்லை, டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் நிற்கிறேன். நிமிர்ந்த வாக்கில் வழுக்கிவிட்டது.

கடைக்கார றொக்சன் ஓடிவந்து தூக்கினார். “ஐஸில தாரா மாதிரித்தான் நடக்கவேணும் அக்கா. சின்னச் சின்ன அடியா வையுங்கோ.”

அப்படி வாத்து நடைதானே நடந்து வந்தேன்! அட, அதுதானே! நான் தரையில் இருந்து சிரித்த சிரிப்பில், தலையில் அடிபட்டுவிட்டது என்றே அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் கவனமாக எண்ணினேன். எண்ணூற்று எழுபது.

(* வாய் முணுமுணுப்பதை யாரும் பார்த்து என்ன என்று கேட்டால் செபம் என்று சொல்ல நினைத்திருந்தேன். இந்த ஊரில் யார் கேட்கிறார்கள்?)

4

ஏரிப் பக்கம் திரும்பியபோதுதான் வின்சன்ட் தான் வந்த தடத்தைப் பார்த்தான். தடங்கள் நெருக்கி நெருக்கிக் கிடந்தன. இவ்வளவு குறுகலாகவா நடந்தேன்? குனிந்து கயிற்றால் அளந்தான். கோடையில் ஏழடி வைக்கும் தூரத்தில் பத்துத் தடம்.

வாயைத் திறக்காவிட்டால் பெயர் தப்பும், எட்டுப் பேர் தப்ப மாட்டார்கள். திறந்தால் பதினொரு வருடப் பெயர் அந்த இடத்திலேயே போய்விடும். தலைவர் அதற்குள் பத்தடி நடந்துவிட்டார்.

[அவன் பிரெஞ்சில்தான் சொல்லியிருப்பான். என் கதையில் என் ஊர் மட்டக்களப்புத் தமிழில் சொல்லட்டும்.]

“நில்லுங்க ஐயா. எண்ணினது சரி, அடிதான் பனியில சின்னனாப் போயிட்டு. பனியில எண்ணினது இதுதான் முதல், நான் அத யோசிக்கல்ல. பிழை என்டதான். சாமான் இன்னும் முன்னுக்குக் கிடக்கு, பதினேழு முடிச்சு.”

தலைவர் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். பிறகு கிழக்கே திரும்பினார்.

மறுநாள் மத்தியானம், ஐம்பத்தேழாவது முடிச்சு. மண்வெட்டி கல்லில் பட்டு டங்கென்றது. எட்டுப் பேரும் போட்ட கூச்சலை எழுதும்போது நானும் குசினியில் அடுப்பருகே நின்று கத்தினேன். ஒருவன் ஆடினான், ஒருவன் மண்வெட்டியைக் கொஞ்சினான். வின்சன்ட் பனியில் குந்தி வாய்விட்டு அழுதான். அழட்டும், வென்றவன்தானே.

5

தலைவர் தன் குறிப்பேட்டில் அன்று எழுதியது ஒரே வரி: ‘கடவுள் கிருபையால் உணவு கிடைத்தது.’ வின்சன்டின் பெயரைச் சேர்க்கவைக்க நான்கு தரம் முயன்றேன். அந்த மனிதர் எழுதமாட்டார். நான் படைத்தவர்தான், ஆனாலும் மசியவில்லை.

சுதாஜினி வாசித்து முடித்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு கேட்டாள், “தலைவருக்குப் பேர் வைக்க மறந்திட்டீங்களா?”

மறக்கவில்லை. மலைகளைக் கண்ட எட்டுப் பேரில் இந்தக் கதையில் பெயரோடு இருப்பவன் ஒருவன்தான். மற்றவர்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள், தலைவர் என்ன பட்டம் வாங்கினார் என்பதெல்லாம் உங்கள் பாடு. அவருக்கு ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வெளியே பனி கொட்டுகிறது, மெட்ரோவுக்கு எண்ணூற்று எழுபது அடி.