ஊசி தடுமாறிய நாள்

காலமெல்லாம் வடக்கைக் காட்டிக்கொண்டிருந்த ஊசி ஒரு நாள் ‘எனக்குத் தெரியாது’ என்று கைவிரித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டில் இருந்தால் சிரித்துவிட்டுப் போவீர்கள். பூமிக்கு அடியில், பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிற இடத்தில் இருந்தால்?

ஏனோக் அப்படித்தான் மாட்டிக்கொண்டான். ஊரிகம் பக்கத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றில் சர்வே துரைக்குக் கையாள் அவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷ் இருந்ததால், பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷியும் அவனே. துரை காய்ச்சலில் விழுந்து பெங்களூர் போய்விட்டார். வேலை நிற்கவில்லை. லெவல் என்கிற புதிய கிடைப் பாதை, தண்ணீர் நிரம்பிக் கைவிடப்பட்ட பழைய ஷாஃப்ட் குழி ஒன்றை ஒட்டிப் போக வேண்டியிருந்தது. இடது பக்கம் பழைய தண்ணீர். நடுவில், வரைபடத்தின்படி, ஒரு ஆள் கையை நீட்டிய அகலத்துக்குப் பாறை. கோடு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தால் போதும், முதல் வெடியே தண்ணீரைத் திறந்துவிடும்.

“திசைகாட்டியை வைத்துக் கோடு போட்டுக் கொடு. மத்தியான ஷிஃப்ட் துளை போட ஆரம்பிக்கட்டும்” என்று சுரங்க வேலையை நடத்துகிற வெள்ளைக்காரக் கேப்டன் சொல்லியிருந்தார்.

ஏனோக் முக்காலியை நட்டு, பித்தளைத் திசைகாட்டியை அதன்மேல் வைத்தான். துளைக்கம்பி, சம்மட்டி எல்லாம் தூரப் போய்விட்டன. இரும்பு பக்கத்தில் இருந்தால் ஊசி அதன் பின்னால் போகும். பின்பக்கக் கூரையில் துரை அடித்துவைத்த பழைய குறியைப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் புதுக்கோடு போட வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டு, துளை போட வேண்டிய முகப்புப் பாறையில் முதலில் சுண்ணாம்புக் கோட்டை இழுத்துவிட்டான். பிறகு திரும்பிப் பழைய குறியைப் பார்த்தான். கணக்கு ஒத்துவரவில்லை. மறுபடி பார்த்தான். வேறு கணக்கு வந்தது.

“இன்னா துபாஷு, ஊசிக்கும் வவுத்து வலியா?” என்றான் துளை போடுகிற தாமோதரன்.

“ஒங்க ரெண்டு பேர்ல எவன்கிட்ட இரும்பு கீது?”

தாமோதரன் வேட்டியை உதறிக் காட்டினான். அவனோடு துளை போடுகிற ராஜப்பா மட்டும் நகரவில்லை. அவன் தலைப்பாகையில் களிமண் வைத்து ஒட்டிய மெழுகுவர்த்தி நடுங்கியது. ஏனோக் அவன் அரைஞாண் கயிற்றை இழுத்தான். லாடம் அடிக்கிற ஆணி ஒன்று முடிச்சுக்குள் இருந்தது.

“அத்த மட்டும் எடுக்காதண்ணா. எம் பொண்டாட்டி கங்கம்மாவுக்கு மாசம் நெறஞ்சிக்கினு கீது. மொத புள்ள தங்கல. அந்தப் பழைய ஷாஃப்ட்ல முழுகிச் செத்தவனுங்க எவனாச்சும் எம் பின்னால வூட்டுக்கு வந்துடக் கூடாதுல்ல?”

“கேப்டன் பாத்தா வேல போயிடும்னு தெரியாதா?”

“வேல போனா வேற வேல. புள்ள போனா?”

ஆணியைத் தாமோதரனிடம் கொடுத்து, ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் வரைக்கும் கொண்டுபோகச் சொன்னான் ஏனோக். அவன் திரும்பி வரும்வரை காத்திருந்து, பழைய குறியைப் பார்த்தான். ஊசி பாகை வட்டத்தில் ஒரு கோடு நகர்ந்து நின்றது. சரி என்று மூச்சுவிடுவதற்குள் இன்னொரு கோடு நகர்ந்தது. பிறகு, தூக்கத்தில் புரள்கிறவனைப் போல, மெல்ல எதிர்ப்பக்கம் போனது.

“ஆணி போயிட்ச்சி. இப்ப இன்னாத்துக்கு ஆடுது?” என்றான் ராஜப்பா.

ஏனோக் குனிந்து ஊசியையே பார்த்தான். துரை ஒரு முறை சொன்னது நினைவுக்கு வந்தது. சூளையில் வெந்த மண்ணும் எரிமலைக் குழம்பு ஆறிய கல்லும், தாங்கள் சூடாறிய நாளில் வடக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பிடித்துவைத்துக் கொள்ளுமாம். பிரான்சு தேசத்தில் எடுத்த கல் ஒன்று தலைகீழாகச் சொல்லியதாம். பூமியின் காந்தமே ஒரு காலத்தில் புரண்டு கிடந்திருக்கிறது.

“மறுபடி புரண்டால்?” என்று ஏனோக் கேட்டிருந்தான்.

“கப்பல் வழி தவறும். பறவை வழி தவறலாம். நம் வரைபடமெல்லாம் அடுப்புக்குத்தான். ஆனால் ஒரே நாளில் புரளாது, ஏனோக். எத்தனையோ தலைமுறை ஆகும். அதுவரைக்கும் ஊசி தள்ளாடும்” என்று துரை சிரித்தார்.

அந்தத் தள்ளாட்டம் இதுதானா? ஏனோக்குக்குத் தெரியவில்லை. இந்த ஊசியை நம்பிப் போட்ட கோடு முகப்பில் இருக்கிறது, அதன்மேல் துளை போடப் போகிறவர்கள் இந்த இரண்டு பேர் என்பது மட்டும் தெரிந்தது. இடது சுவரில் கையை வைத்தான். ஈரம் ஒட்டியது.

கேஜ் மணி அடித்தது. கேப்டன் கையில் அந்த ஆணியோடு வந்தார். கேஜ்காரன் கொடுத்திருக்கிறான்.

“கோடு போட்டாயிற்றா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஊசி நிற்கவில்லை, சார். பூமியின் காந்தத்திலேயே ஏதோ கோளாறு. துரையைக் கேட்டுவிட்டு...”

“அவரைக் கேட்கத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். தந்தி வேலை செய்யவில்லை. பேட்டரியைக் கழற்றியும் அது பாட்டுக்கு டக்டக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் அதன் முன்னால் நின்று கும்பிடுகிறார்.” கேப்டன் தரையைப் பூட்ஸால் மிதித்தார். “பூமி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புக் கோடு போதும். துளை போடச் சொல்.”

தந்தியும் தடுமாறுகிறது; கம்பியையும் ஊசியையும் சேர்த்து ஆட்டுவது பூமியின் காந்தம்தான். அப்படியானால் ஆணிமேல் குற்றம் இல்லை. ஏனோக்குக்கு அது இப்போது சந்தேகமறத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் கேப்டன் நம்பப் போவதில்லை என்பதும் தெரிந்தது. கேப்டன் நம்பக்கூடியது ஒன்றே ஒன்று. அது அவர் கையில் இருந்தது.

“அந்த ஆணிதான், சார். இடுப்பில் ஒளித்துவைத்திருந்தான். ஊசி கெட்டுவிட்டது. ஒரு ராத்திரி ஓய்ந்தால்தான் சரியாகும். அதுவரை அந்தக் கோட்டை நம்ப முடியாது.”

“யார்?”

ஏனோக் கையை நீட்டினான்.

ராஜப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீட்டிய விரல் புரிந்தது.

“இன்னாண்ணா சொன்ன? ஆணி போன பொறவுந்தானே ஆடிச்சி? நீயும் பாத்த, தாமுவும் பாத்தான். ஸொல்லு அவராண்ட!”

“என்ன சொல்கிறான்?” என்றார் கேப்டன்.

அதை அப்படியே சொன்னால் கேப்டன் துளை போடச் சொல்வார்.

“தப்பு தன்னுடையதுதான் என்கிறான், சார்.”

“முகப்பை மூடு. ஏட்டிலிருந்து இவன் பேரை அடித்துவிடு” என்றார் கேப்டன்.

தாமோதரன் ஏனோக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, “வா ராஜப்பா” என்று மட்டும் சொன்னான். எல்லாரும் கேஜில் மேலே போனார்கள்.

வெளியே வந்ததும் ராஜப்பா கேட்டான்: “கேப்டனாண்ட நீ இன்னா ஸொன்ன?”

“அந்தக் கோட்டுல தொள போட்டிருந்தா செத்துருப்பீங்கடா.”

“அத்த எங்கிட்ட ஸொல்லியிருந்தா நானே ஒத்துக்கினு இருப்பேனே, துபாஷு. கேக்கலியே நீ.”

மறுநாள் காலை ஊசி பழைய கணக்கில் அசையாமல் நின்றது. ஏனோக் புதுக்கோடு போட்டான். முந்தின நாள் சுண்ணாம்புக் கோடு அதற்கு ஒரு முழம் இடது பக்கம், ஈரச் சுவரை நோக்கிக் கிடந்தது. வேலை போனதால் சுரங்கத்து லைன் வீட்டைக் காலி செய்து, கங்கம்மாவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜப்பா பூதிகோட்டைப் பக்கம் போய்விட்டான்.