சோதனை நோயாளி

அவள் வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்து சோதனையை ஓட்டியபோது, பச்சைப் பசேலென்று நிற்க வேண்டிய வரிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் சிவந்து கிடந்தது. என்ன ஏது என்று பார்க்கத் தேவையே இல்லை. அவளுடைய வீட்டுக்காரருக்கு இன்றோடு ஒரு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் இந்த ஓரிடத்தில் அவருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருந்தது. அது எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மருத்துவமனைகளுக்காக ஜாவா என்கிற கணினி மொழியில் எழுதப்படும் வெப் சர்வீஸ்களைச் சோதிப்பது அவள் வேலை. வெப் சர்வீஸ் என்றால் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. முகம் தெரியாத ஒரு கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கணினி, இன்ன நோயாளிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் உண்டா என்று கேட்கும். உள்ளேயிருந்து, உண்டு, இன்னார், இன்ன வயது, இன்ன டாக்டர் என்று பதில் வரும். கூடவே நோயாளியின் போனுக்கு ஒரு மெசேஜும் போகும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று தினமும் காலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டுமே? இந்த வேலையில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் செய்கிற தப்பைத்தான் அவளும் செய்தாள். கற்பனையாக ஒரு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, வீட்டு ஆளையே எழுதிவிட்டாள். பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாமே நிஜம்.

முதல் மெசேஜ் போன அன்று அவர் உடனே கூப்பிட்டார். "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். நாளைக்கு எலும்பு டாக்டரப் பாக்கணும்னு வருது?"

"டெஸ்ட்டுக்குங்க. சும்மா."

"ஓகோ. இன்னிக்கு சாயங்காலம் பொண்டாட்டி கையால எலும்பு முறியப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன்."

பிறகு மெசேஜ்கள் வெளியே போகாதபடி ஒரு போலி முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். ஆள் மட்டும் சோதனை நோயாளியாக அப்படியே நின்றுவிட்டார். சர்வீஸ் பிறந்த தேதியிலிருந்து வயதைத் தானே கணக்குப் போடும். எதிர்பார்க்கும் வயதை அவளோ கையால் எழுதி வைத்திருந்தாள். அதனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இரண்டும் ஒத்துப்போகாமல் அந்த வரி சிவந்துவிடும். ஒரு தடவை திருத்தி எழுதினால் காலத்துக்கும் தொல்லை இருக்காது, அவளுக்கா தெரியாது? திருத்தவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், பழைய வயதை அழித்துவிட்டுப் புதியதைத் தன் விரலால் அடித்து, வரி பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் அவள் அவரைவிட மூத்தவளாகிப் போயிருப்பாள்.

ஜாவாவுக்கு ஒரு குணம் உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துக் கூப்பிட்டால் பொறுக்காது. நல் பாயின்டர் என்று ஒரு பிழையை வீசி, எங்கிருந்து கூப்பிட்டாய், யார் சொல்லிக் கூப்பிட்டாய் என்று வரிவரியாகத் திரை முழுக்க அலறும். அவரைக் கூப்பிட்டபோது ஒரு நாளும் அது அலறியதில்லை. இருக்கிறார் என்றுதான் சொன்னது.

அவள் வயதை மாற்றி முடித்ததும் பக்கத்து இருக்கைக்காரன் தலையை நீட்டினான். சர்வீஸை எழுதியவன் அவன்தான். எந்தப் பிழையைக் காட்டினாலும் 'என் மிஷின்ல ஓடுதே' என்பான். அதனால் அலுவலகத்தில் அவனுக்கு 'ஓடுதே' என்றே பெயர். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு புகார். யாரோ பெரியவர் மெசேஜைக் காட்டிக்கிட்டு வந்து வந்து உக்கார்றாராம். அவங்ககிட்ட அப்படி ஒரு பேஷன்ட்டே கிடையாதாம். என் மிஷின்ல எல்லாம்..."

"ஓடுதே. தெரியும். அந்த மெசேஜப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்களா?"

இருந்தது. திறந்தாள். ஒரு போன் திரை. மேல் மூலையில் சிலந்திக்கூடு போல ஒரு விரிசல். அந்த விரிசல் விழுந்த அன்று அவளும் பக்கத்தில் இருந்தாள். போனைப் பிடித்திருந்த கட்டை விரல் மாமனாருடையது. திரையில் இருந்த பெயர் அவருடைய மகனுடையது.

மகனுடைய போனை அவர்தான் வைத்திருந்தார். அணைய விடாமல் சார்ஜ் போட்டுவிடுவார். கொஞ்ச நாளாகக் காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அவர் வெளியே கிளம்புவதை அவளும் கவனித்திருந்தாள். நடக்கப் போகிறார் போலிருக்கிறது, நல்லதுதான் என்று விட்டுவிட்டாள். அவர்கள் இருவர் மட்டும் இருந்த அந்த வீட்டில் கேள்விகள் குறைந்துபோய் வெகு நாளாயிற்று. சோறு போதுமா, கதவைப் பூட்டியாச்சா, இவ்வளவுதான் பேச்சு.

சர்வீஸில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தாள். சர்வீஸைப் புதிய சர்வருக்கு மாற்றியபோது அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி தவறியிருந்தது. போலி முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நிஜ முகவரி. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் சோதனையை ஓட்டும்போதெல்லாம், செத்தவருக்கு டாக்டரைப் பார்க்க நேரம் உறுதியாகி, அந்த வீட்டில் இருக்கும் போனுக்குச் செய்தி போயிருக்கிறது. பிழையைத் தேடிப் போனவள் தன் விரலிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அந்த வீட்டுக்கு வந்துபோன ஆவி அவளேதான்.

"இங்கதான் தப்பு" என்று காட்டினாள்.

"இருக்கலாம். ஆனா திரும்ப நடத்திக் காட்டுங்கக்கா. காட்டாம கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

அது உண்மைதான். யூகத்தில் பிழை திருத்தக் கூடாது. கண்ணெதிரே மறுபடி நடக்க வைத்துவிட்டுத்தான் திருத்த வேண்டும். அவன் மருத்துவமனைக் கவுன்ட்டரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அவரா? இதோ எதிர்லதாங்க உக்காந்திருக்கார்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். "ஒரு தொந்தரவும் கிடையாது, பாவம். நீங்க காட்டற பேர் லிஸ்ட்ல இல்ல பெரியவரேன்னு சொல்லிப் பாத்துட்டோம். பரவால்லம்மா, இருக்கேன்னு சொல்றார்."

"இப்ப ஒரு மெசேஜ் அனுப்பறோம். வருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான் ஓடுதே. அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

தெரியாமல் எத்தனையோ தடவை அழுத்திய பொத்தான். தெரிந்து அழுத்தும்போது அது கல்லாய்க் கனத்தது. அழுத்தினாள். திரையில் பச்சை விழுந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு போனுக்குள், தூரத்தில், ஆட்களின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு சீழ்க்கை கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. வீட்டுப் படியேறும்போது அவள் வீட்டுக்காரர் அடிக்கும் சீழ்க்கை. தானே அடித்து, தானே பதிந்து, மெசேஜ் வந்தால் ஒலிக்கும்படி வைத்திருந்தது.

"வந்துருச்சுங்க" என்றாள் கவுன்ட்டர் பெண். "எடுத்துப் பாக்கறார். சிரிக்கறார்."

"மாட்டிக்கிச்சு!" ஓடுதே கையைத் தட்டினான். "ஒரு வரிதானே, மாத்திடறேன். அந்த டெஸ்ட் பேஷன்ட்டையும் தூக்கிடுங்கக்கா. நிஜ ஆளுபோல இருக்கே, யாரு?"

"தெரிஞ்சவர்" என்று எழுந்தாள். "நான் சொல்றவரைக்கும் எதையும் தொடாதே."

மருத்துவமனைக் கூடத்தில் கடைசிக்கு முந்தின வரிசையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. இடது பக்கத்து நாற்காலியில், யாருக்கோ இடம் பிடித்து வைத்ததுபோல், அவருடைய துணிப்பை இருந்தது. வலது பக்கத்தைக் காட்டி, "உக்காரும்மா. ஏன் மூச்சு வாங்குது? ஓடியா வந்தே?" என்றார்.

"மாமா, அந்த மெசேஜ்..."

"நீ காய்ச்சல்னு படுத்திருந்தியே, அப்ப வரல. லீவு நாள்லயும் வர்றதில்ல. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், நீதான் அனுப்பறேன்னு." போனைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். "அவன் போனதுலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ ஊமையாட்டம் கெடக்கோம். அவன் பேர எடுக்க உனக்கும் வாய் வரல, எனக்கும் வரல. சரி, பொண்ணு சொல்ல முடியாம இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு, போய்த்தான் உக்காருவோமேன்னு வந்தேன். இங்க ஒரு சௌகரியம் பாத்துக்கோ. பக்கத்துல வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, யாருக்காக வந்திருக்கீங்கன்னு. என் மகனுக்குன்னு சொல்லுவேன். வீட்ல அதை யாரு கேக்கறாங்க?"

அது தப்பாக வந்த மெசேஜ், மாமா. சர்வர் மாற்றும்போது ஒரு வரி தவறிவிட்டது. இதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வார்த்தைகள் தொண்டை வரை வந்து, அவருடைய தேய்த்த சட்டையின் மடிப்பைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போயின.

மடியில் அவள் போன் அதிர்ந்தது. ஓடுதே எழுதியிருந்தான்: 'அக்கா, வரியை மாத்தவா? அந்த ஆளை எடுத்துடவா?' இரண்டு கேள்வி. முதலாவதுக்கு மட்டும் 'மாத்து' என்று எழுதி அனுப்பினாள். இரண்டாவதைப் பார்த்தபடி இருந்தாள். திரை தானாக அணைந்தது.

"இனிமே மெசேஜ் வராது மாமா."

கிழவர் முகம் சட்டென்று சுருங்கியது. "ஏம்மா? நான் ஏதாச்சும் தப்பா..."

"இல்ல மாமா. வாயாலயே சொல்றேன். வீட்லயே."

கவுன்ட்டரில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து போனார்கள். கூடம் அதற்குள் நிறைந்துவிட்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இடம் தேடிக்கொண்டே வந்து, துணிப்பை இருந்த நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"இங்க யாராவது வர்றாங்களா?"

மாமனார் பையின் காதைப் பிடித்தார். தூக்கவில்லை. பதில் அவளிடம் இருப்பதுபோல் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். குழந்தையும் அவளையே பார்த்தது.