ஊக்கு குத்திய செருப்பு

செருப்பைப் படம் பிடிக்க ஒரு கேமராவா என்று மாரிசெல்வியைக் கேட்காத ஆள் விஸ்வநத்தத்தில் இல்லை. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்த பெண், கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுத்தால் மரியாதையாகப் பிழைக்கலாம். அவளோ பட்டாசு ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் தொழிற்சாலையின் வேலிக்கு வெளியே நின்று, ரூம் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். வெடிமருந்து புழங்கும் ரூமுக்குள் செருப்புக்காலோடு போகக்கூடாது. சட்டப்படி நாலு பேர் மட்டுமே இருக்க வேண்டிய ரூமுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஜோடி கிடந்தால், உள்ளே நடப்பதற்கு வேறு சாட்சி எதற்கு? அவளுடைய ஆவணப்படத்தின் மொத்த சாமர்த்தியமும் அதுதான்.

ஆனால் செருப்பு பேசுமா? பேச வேண்டியவர்கள் வாயைத் திறப்பதாக இல்லை. அதில் முதல் ஆள் பெற்ற தாய் கருப்பம்மாள். அதே ஆபீசில் சக்கரத்துக்குத் திரி வைக்கிறவள்.

"ஒன் படம் ஓடிரும். மறுநாளு போர்மேன் கண்ணுச்சாமி என்னைய கேட்டுக்குள்ள விடுவானா?" என்பாள். மகள் கேமராவைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். மூன்று வருடமாக இதே கூத்து.

சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் கனகசபாபதி, 2007 ஆடி மாதம் போனில் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கும்மா. வெடிக்கிற மாதிரி ஒரு காட்சி இருந்தா உடனே போட்டுடலாம்."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார், மகராசன்! வெடிச்சத்தம் கேட்டால் கொதிக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு, புகை எந்தத் திசையில் என்று பார்க்கத் தெருவுக்கு ஓடிவரும் பெண்களை அவர் எங்கே கண்டார்?

அடுத்த வாரமே அந்தச் சத்தம் கேட்டது. மாரிசெல்வி தோளில் கேமராவோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். புகை அம்மாவின் ஆபீஸ் பக்கம் எழுந்தது. விழுந்தடித்து ஓடினாள். கனகசபாபதி கேட்ட காட்சி கண்ணெதிரே கொழுந்துவிட்டு எரிந்தது. கேமராவை எடுக்கும் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன கூட்டம் முதலில் செருப்பைத்தான் தேடியது. அந்தப் பக்கத்தில் அப்படித்தான். வாசலில் செருப்பு இல்லையென்றால் ஆள் வெளியே வந்துவிட்டது என்று நெஞ்சைப் பிடித்த கையை எடுப்பார்கள். இடிந்த ரூமுக்கு முன்னால் செருப்புகள் கிடந்தன. ஓரத்தில் ஒரு ஜோடி, நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு. புதுசு வாங்கும்மா என்று இவள் சொன்னதற்கு, "தீவாளி கழியட்டும்" என்று அம்மா குத்திக்கொண்ட ஊக்கு.

மாரிசெல்வி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதே செருப்பை எத்தனை தடவை கேமராவில் கிட்டத்தில் இழுத்துப் படமெடுத்து, வெயில் நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்! தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏட்டி மாரி! அங்கன என்ன செய்யுதே? இங்கன வா!"

அம்மாவின் குரல், ஆபீசுக்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டிலிருந்து வந்தது. பக்கத்து ரூம்காரர்கள் மரத்தடிக்குச் சாப்பிடப் போயிருந்த நேரம், அவர்களுடைய காலி ரூமில் புகை கிளம்பியிருக்கிறது. அம்மாவின் ரூமில் இருந்தவர்கள் அதைப் பார்த்ததுமே பின்வாசலால் பாய்ந்துவிட்டார்கள். முன்னால் சுற்றி வந்து செருப்பு மாட்ட யாருக்குப் பொழுது? ஒருத்தர் பாக்கியில்லாமல் பிழைத்து, உட்கார்ந்து காலில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாரிசெல்வி அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மருந்து வாடை அடிக்கும் அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"எடுத்தியா?" என்றாள் கருப்பம்மாள்.

"எதை?"

"வெடிச்சதை. அதுக்குத்தான இம்புட்டு நாளா அலைஞ்சே?"

"இல்லம்மா."

"நல்ல படக்காரி!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். உயிர் தப்பிய சிரிப்பு, அடக்க முடியவில்லை.

அதற்குள் கண்ணுச்சாமி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "யாரு கேட்டாலும் ரூமுக்கு நாலு பேருதான் இருந்தோம்னு சொல்லுங்க. மத்தவுக வீட்டுக்குப் போயிருங்க." அவருக்குப் பின்னால் ஒரு ஆள் வாசல் செருப்புகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான்.

கருப்பம்மாள் அதைப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டிருந்த முள்ளை அப்படியே விட்டாள்.

"மாரி, கேமராவ எடு."

"அம்மா, வேலை..."

"ரூமே போச்சு. இனி என்னத்துக்குப் பயப்பட? எடு."

மாரிசெல்வி கேமராவைத் தூக்கினாள். கேமராவுக்குள் அம்மாவின் முகம் தெரிந்தது. முந்தானை இடுப்பில் செருகியிருந்தது.

"எம் பேரு கருப்பம்மா. அந்தா சாக்குல போடுதான்ல, ஊக்குக் குத்துன செருப்பு, அது என்னுது. அந்த ரூமுலதான் இருந்தேன்."

பக்கத்தில் முள் எடுத்துக்கொண்டிருந்த, அதே ரூமில் வேலை செய்யும் செல்லத்தாயும் நொண்டிக்கொண்டே எழுந்து வந்து கருப்பம்மாளை ஒட்டி நின்றாள்.

"அந்தப் பச்சை வாரு என்னுது."