பாதிக்குப் பாதி

வாசலில் முதல் வேட்டு வெடித்ததும் பிருந்தா அண்ணன் மகனின் முகத்தைத்தான் பார்த்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஹரிகிருஷ்ணனுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. கண்ணை இறுக மூடித் திறந்தான். சத்தம் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையில் மோதித் திரும்பி, இன்னொரு முறை சின்னதாகக் கேட்டது. அதுவும் அடங்கிய பிறகே பிருந்தா மூச்சை விட்டாள்.

"இன்னா அத்தை அப்பிடிப் பாக்கறீங்க?" என்றான் ஹரி.

"ஒண்ணுமில்லப்பா. நெஞ்சு படபடன்னு வருதா?"

"லேசா கிறுகிறுன்னு இருக்குது. நேத்துலருந்து ஒண்ணும் சாப்புடல இல்ல, அதான்."

அவள் அண்ணன் ராஜகோபால் செஞ்சி காந்தி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு இதே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். கூரியர்காரன் வந்து காலிங் பெல்லை அழுத்தியிருக்கிறான்.

"பெல் அடிச்சுது. வெடுக்குனு எழுந்து உக்காந்தாரு. அப்பிடியே சாஞ்சிட்டாரு." அண்ணி செந்தாமரை வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் அட்டாக் என்றார்கள். ஐம்பது வயசுகூட ஆகவில்லையே என்றார்கள். அந்த வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, யாருக்கும் ஆயுசு நிற்பதில்லை என்று பந்தலில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பெல் என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே நடந்தது இன்னதென்று புரிந்துகொண்டவள் பிருந்தா ஒருத்திதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலையில் தலைமாட்டில் செல்போன் அலறியபோது அவளும் அப்படித்தான் சாய்ந்தாள். கணவர் ஜெகதீஷ் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்ததால், அண்ணன்தான் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு லேடி டாக்டர் ஈசிஜி தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு செத்தவர்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். யார் யார், எந்த வயசில், என்ன செய்துகொண்டிருந்தபோது? நைனா, தீபாவளியன்று காலையில். சின்ன அத்தை, தேர்த் திருவிழாவில் அதிர்வேட்டு போட்ட நேரத்தில். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணனையும் படுக்கச் சொல்லி ஈசிஜி எடுத்தார். இரண்டு பேர் ரத்தமும் மரபணு ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்குப் போயிற்று.

சில மாதம் கழித்து அழைத்து விவரம் சொன்னார். "ஒரு துடிப்பு முடிஞ்சதும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகணும். உங்க ரெண்டு பேருக்கும் அதுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகுது. அந்த நேரம் பார்த்து திடீர்னு ஒரு சத்தம் வந்தா துடிப்பு தாறுமாறாகி நின்னு போகலாம். பரம்பரையா வர்றது இது. உங்க பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. முன்னாடியே தெரிஞ்சா மாத்திரையில காப்பாத்தலாம்."

ஆஸ்பத்திரி வாசலில் காரை எடுக்காமல் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு மோனிகா. எனக்கு ஹரி. ரெண்டும் கரையேறட்டும் பிருந்தா. அதுவரைக்கும் வாயத் தொறக்காத. உங்க அண்ணிக்கும் வேணாம், மாப்பிள்ளைக்கும் வேணாம்."

"பசங்களுக்குப் பாக்க வேணாமாண்ணா?"

"பாத்து இருக்குதுன்னு வந்தா? சாபம்னு ஊர்ல பேசறாங்க, பேசட்டும். சாபத்துக்குப் பரிகாரம் பண்ணிட்டுப் பொண்ணு குடுப்பான். ரத்தத்துல இருக்குதுன்னா எவன் குடுப்பான்? என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அண்ணன் கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டார். சோர்வாக இருக்கிறது, கடையில் நிற்க முடியவில்லை என்று நிறுத்திவிட்டார். அவள் நிறுத்தவில்லை. கேட்பவர்களுக்கு அது பிரஷர் மாத்திரை. ஆராய்ச்சிக்காரர்கள் அவ்வப்போது போன் செய்தார்கள். உங்கள் தாத்தா வழி சொந்தங்களை எல்லாம் பார்க்க வேண்டும், நிறையப் பேர் பிழைப்பார்கள் என்றார்கள். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு வைத்தாள். போன மாதம் மோனிகாவுக்குப் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் நிச்சயம் ஆயிற்று. கல்யாணம் தை மாதம்.

பிருந்தா எழுந்து போய் ஒரு இளநீரைச் சீவி வாங்கி வந்தாள். வாந்தி, பட்டினி எதுவும் ஆகாது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது.

"கொள்ளி வெக்கிறவன் பட்டினியாத்தான் இருக்கணும்" என்றாள் சுவரோரம் இருந்த ஒருத்தி.

"தண்ணிதானே. குடிடா."

ஹரி குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே செந்தாமரை சொன்னாள்: "இவனுக்குச் சின்னதுலருந்தே வெடின்னா ஆகாது பிருந்தா. ரெண்டாவது படிக்கும்போது தீபாவளிக்கு எவனோ அணுகுண்டைக் கொளுத்த, மாடிப்படியிலேயே மயங்கி வுழுந்துட்டான். உங்க அண்ணன் தண்ணி தெளிச்சி எழுப்பிட்டு, பயந்தாங்கொள்ளின்னு வருஷம் பூரா கேலி பண்ணாரு."

"இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணி?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது அதுல?"

பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்ன தராசில் ஒரு தட்டு கண்ணெதிரே கீழே இறங்கியது. பிருந்தா எழுந்து பின்கட்டு வழியாகச் சுற்றி வாசலுக்குப் போனாள்.

ஜெகதீஷ் பந்தலுக்கு வெளியே வெடிக்காரரோடு நின்றிருந்தார். காலடியில் ஒரு உரச்சாக்கு நிறைய வேட்டுகள்.

"ஏங்க, வெடி வேணாங்க. மேளம் மட்டும் போதும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மச்சானுக்குப் பூவும் வெடியும் மாப்பிள்ளை முறை. நான் செய்யலன்னா நாளைக்கு இந்தப் பஜார்ல தல நிமிர்ந்து நடக்க முடியுமா?"

"அண்ணனுக்குச் சத்தம் ஆகாதுங்க."

"இனிமே அவருக்கு இன்னா ஆகாது?"

வெடிக்காரர் சிரிப்பை மறைக்கக் குனிந்து சாக்கைக் கட்டினார்.

"பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்குது."

"உள்ளாற வெச்சிக் கதவைச் சாத்தச் சொல்லு. சம்பந்தி வீட்ல வந்திருக்குறாங்க. அவங்க முன்னாடி நம்ம வீட்டுச் சாவு ஊமையாப் போவணுமா? போ, போயி உங்க அண்ணிகிட்ட உக்காரு."

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து மோனிகாவின் வருங்கால மாமியார் வளர்மதி பின்னாலிருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுது அழுது உடம்பைக் கெடுத்துக்காதீங்க அண்ணி. மோனிகா காலைலருந்து பச்சைத்தண்ணி குடிக்கல. நான்தான் மிரட்டி ரெண்டு வாய் காபி குடிக்க வெச்சேன். எங்க வீட்டுப் பொண்ணு அது, வாடிப்போவ வுடுவனா?"

பிருந்தா வாக்கியத்தை விழுங்கினாள்.

குளிப்பாட்டிக் கோடி போட்டு எடுக்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஹரியின் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு, உதடு வெளுத்து, கொள்ளிச்சட்டியைக் கயிற்றில் தூக்கிக்கொண்டு நின்றான். அப்போதுதான் பிருந்தா ஊர்வலத்தின் வரிசையைக் கவனித்தாள். எல்லோருக்கும் முன்னால் வெடிக்காரர். அடுத்து மேளம். மேளத்துக்குப் பின்னாலேயே கொள்ளிச்சட்டி. பாடையும் மற்றவர்களும் அதற்கும் பின்னால். வெடிக்கு மிகப் பக்கத்தில் நடக்க வேண்டியவன் அவன்தான். எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறாள். இதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

பெண்கள் அழுதுகொண்டே பின்னால் நடந்தார்கள். பாதித் தெருவில் ஒரு வேட்டு வெடித்தது. இந்த முறை சத்தம் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவில் அடைபட்டு நெஞ்சில் இடித்தது. ஹரியின் முழங்கால் மடங்குவது கூட்டத்தின் இடுக்கில் அவளுக்குத் தெரிந்தது. சட்டி ஆடிச் சாம்பல் கொட்டியது. யாரோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"கால் தடுக்கிடுச்சாடா?"

"இல்ல... ஒரு மாதிரி இருட்டிக்கினு வந்துச்சு."

"துக்கம், பையன் தாங்கல. நடங்கப்பா, நடங்க" என்றது ஒரு குரல்.

முச்சந்தி வந்துவிட்டது. பெண்கள் இதற்கு மேல் போகக் கூடாது. வெடிக்காரர் சாக்கிலிருந்து சரத்தை எடுத்துத் தெருவின் குறுக்கே நீட்டி, அதன் முனையில் பெரிய வேட்டுகளை வரிசையாக நட்டார். ஜெகதீஷ் ஊதுபத்தியைத் தானே வாங்கிக்கொண்டார். பிருந்தாவின் கையை வளர்மதி மறுபடியும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிருந்தா அந்தக் கையை விலக்கிவிட்டு, மேளக்காரர்களுக்கு ஊடே நுழைந்து போய், சரத்தின் மேல் வெறுங்காலோடு நின்றாள்.

"நகரு" என்றார் ஜெகதீஷ். "இன்னா பண்ற நீ? பொம்பளைங்க வர்ற எடமா இது?"

"கொளுத்தாதீங்க. ஹரி செத்துருவான்."

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். அதற்குள் மேளக்காரர் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடிப்பதை நிறுத்தினார், மற்றவர்களும் நிறுத்தினார்கள். அவள் மூன்றாவது முறை சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

"அண்ணனுக்கு வந்தது அட்டாக் இல்ல. எங்க ரத்தத்துல இருக்குது. திடீர்னு சத்தம் கேட்டா நெஞ்சு நின்னுடும். எங்க நைனா அப்பிடித்தான் போனாரு, அத்தை அப்பிடித்தான் போனாங்க. பாண்டிச்சேரியில ரத்தம் எடுத்து ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க. எனக்கும் இருக்குதுங்க. நான் சாப்புடறது பிரஷர் மாத்திரை இல்ல. பெத்த பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வருமாம்."

ஜெகதீஷின் கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அவர் ஹரியைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, பெண்கள் கூட்டத்தில் நின்ற மோனிகாவைப் பார்த்தார்.

அவளுக்குப் பக்கத்தில் வளர்மதியும் அசையாமல் நின்றாள். ஹரி சட்டியைப் பிடித்தபடி, தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அத்தையைப் பார்த்தான்.

"எடுத்துருய்யா" என்றார் ஜெகதீஷ் வெடிக்காரரிடம். "எல்லாத்தையும் எடுத்துரு. மேளமும் வேணாம்."

ஊர்வலம் நகர்ந்தது. கால்கள் தரையில் உரசுவது மட்டும் கேட்டது.

வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிருந்தாவின் அருகில் யாரும் உட்காரவில்லை. வேண்டுமென்றேதானா, இடம் அப்படி அமைந்துவிட்டதா என்று தெரியவில்லை. வெடி கேட்டிருந்தால் ஊர்வலம் எதுவரை போயிற்று என்று தெரிந்திருக்கும். இப்போது ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. அந்த அமைதியும் அவளுக்குப் பயமாகவே இருந்தது. வழியில் எத்தனை லாரி, எத்தனை ஹாரன்.

செந்தாமரைதான் கேட்டாள். "எவ்ளோ நாளாத் தெரியும்?"

"ரெண்டு வருஷம் அண்ணி. அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு."

செந்தாமரை புடவைத் தலைப்பின் ஈரத்தைப் பிழிந்தாள். பிழிய ஒன்றுமில்லாத பிறகும் பிழிந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அந்தப் பெல்லைக் கழட்டிப் போட்டிருப்பேனே பிருந்தா."



ஆண்கள் திரும்பி வந்தார்கள். முதலில் வேறு முகங்கள். அப்புறம் மொட்டைத் தலையோடு ஹரி, அவன் கையைப் பிடித்தபடி ஜெகதீஷ். வாசலில் கால் கழுவும்போது, "சாக்கை ஆத்துல போட்டுட்டேன்" என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஜெகதீஷ் பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஹரி உள்ளே வந்து பிருந்தாவின் பக்கத்தில் பாயில் படுத்தான். "நாளைக்குப் பால் தெளிச்சிட்டு அப்பிடியே பாண்டிக்குப் போயிடலாமா அத்தை?"

"போலாம்."

"நானும்" என்றாள் சுவரோரம் நின்ற மோனிகா. அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

ஹரி உடனே தூங்கிப்போனான். அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பிருந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. காரியம் முடிந்ததும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஒவ்வொருவராக அப்படித்தான் போனார்கள். வளர்மதியும் எழுந்தாள். கைப்பையை எடுத்தாள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பிருந்தாவின் பக்கமோ மோனிகாவின் பக்கமோ முகத்தைத் திருப்பவில்லை. அது முறையா, முடிவா என்று பிருந்தாவுக்குப் புரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

அவர்கள் கார் கிளம்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. தெருவின் குறுக்கே ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஹாரன் அடிப்பார்கள். பிருந்தாவின் இரண்டு கைகளும் தூங்குகிறவனின் காதுகளைப் பொத்தப் போயின.

காரின் கதவு திறந்தது. வளர்மதியின் கணவர் ஈர வேட்டியோடு இறங்கி நடந்து போய், மாட்டின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அது எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை தள்ளினார். அது சோம்பலாக எழுந்து ஓரம் போகும்வரை வெயிலில் நின்றிருந்துவிட்டு, திரும்பி வந்து ஏறி, கதவைச் சத்தமில்லாமல் அழுத்திச் சாத்திக்கொண்டார். கார் மெல்ல ஊர்ந்து முச்சந்தியில் திரும்பியது.