நூற்றெட்டாம் கட்டை

...இந்த வயரும் இல்லை என்றால் வேறு எதுதான், அருள்பாண்டி கீபோர்டின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினான், மூன்றாவது வயர் இது, ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று எல்லாக் கோளாறுக்கும் பாவம் வயர்தான் பேச்சு வாங்குகிறது... மற்றக் கட்டைகள் ஒழுங்காகப் பேசுகின்றன, வலது ஓரத்து மணிச்சத்தம் மட்டும் வரமாட்டேன் என்கிறது, மணி இல்லாமல் மாரியம்மன் பாட்டா, நான்கு மணிக்குத் தங்கச்சாமி அண்ணன் பென்டிரைவோடு வந்து நிற்பார், இருக்கன்குடிக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு முன்னால் வேனில் போடுகிற பாட்டு, இசை அருள்பாண்டி என்று மைக்கில் சொல்வதாக வாக்கும் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டபோதே, "லினக்ஸுன்னா ஓசி, ஓசில வந்தது அப்படித்தாம்லே இருக்கும்" என்று கம்பெனியில் கூட வேலை பார்க்கிற சின்னச்சாமி சிரித்தான், இப்போது அவன் சிரிப்புதான் காதில் நிற்கிறது...

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினான். கட்டையை அமுக்கினால் அதன் எண் வர வேண்டும், வந்தது, நூற்றெட்டு, ஆக கீபோர்டு சொல்கிறது, கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்கிறது. அடுத்து இணைப்புப் படம், கீபோர்டிலிருந்து மணி மென்பொருளுக்கு ஒரு கோடு, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு இரண்டு கோடு, எல்லாம் அதனதன் இடத்தில். பிரவுசர் ஏதாவது ஸ்பீக்கரைப் பிடித்து வைத்திருக்கிறதா, இல்லை. மணியின் ஒலிக்கோப்பு பாதியில் அறுந்து இறங்கியதோ, திரும்ப இறக்கினான், அதே கதை. ஒரு பிழைச்செய்திகூட வராத கோளாறு என்ன கோளாறு... ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் குற்றவாளி, இது தொழில்புத்தி. பதினோரு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் மாதிரி வெடித்துப் பார்க்கிற வேலை, ஒவ்வொரு லோடிலும் ஒரு பெட்டி எடுத்துப் பொட்டலில் கொளுத்தி, இது மருந்து கம்மி, இது நமுத்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான், கூட நிற்பவர்கள் பஞ்சு வைத்துக்கொள்வார்கள், இவன் வைத்ததில்லை, பஞ்சு வைத்தால் எதைக் கேட்டு எதைச் சொல்ல. "அருளு காது சொல்லிருச்சுன்னா லோடு ஏத்தலாம்" என்பார் ஃபோர்மேன் சோலைமலை, அந்தச் சொல்லுக்காகவே இன்னும் ஒரு அடி கிட்டே போய் நிற்பான்...

திரையில் சத்தம் காட்டும் பச்சைப் பட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டையை அமுக்கினான், பட்டை துள்ளி ஏறி இறங்கியது, சத்தம் இல்லை, ஸ்பீக்கரைக் கூட்டினான், இன்னும் கூட்டினான், பட்டை சிவப்பைத் தொட்டது. அடுப்படியிலிருந்து பெண்டாட்டி ரோஜா கத்தினாள். "ஏங்க, அந்தக் கீச்சு மணியக் கொஞ்சம் நிப்பாட்டுங்க, காது கூசுது! எம்புட்டு நேரந்தான் ஒண்ணையே அடிப்பீக?" எந்த மணி... விரல் நூற்றெட்டின் மேல்தான் இருந்தது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை, காலையிலேயே சாத்தூர் போனார்கள்.

பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தான். "என்னங்க, நான் என்னத்த வாசிக்க?" "வாசிக்க வேணாம், ஒவ்வொரு கட்டையா வலப்பக்கமா அமுக்கிட்டே போ, மெதுவா." அவள் விரலைப் பார்த்துவிடக் கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கேட்டது, இதுவும் கேட்டது, இது கொஞ்சம் தூரத்தில், இது... தூசி மாதிரி ஏதோ... நாளைக்கு மூன்று லோடுக்கு மாதிரி வெடிக்க வேண்டியிருக்கிறது, சீசன் நேரம், சோலைமலை அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்... ஏன் நிறுத்திவிட்டாள்?

"அடுத்தத அமுக்கு புள்ள."

"அமுக்கிட்டுத்தானங்க இருக்கேன்."

"ம்... கேக்குது, கேக்குது" என்றான், சுவரைப் பார்த்தபடியே.