பதினேழிலிருந்து நான்கு அழைப்புகள்

என் தங்கச்சி மாப்பிள்ளை இறந்ததற்கு அவருடைய கவனக்குறைவே காரணம் என்று எங்கள் கம்பெனி மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதியிருக்கிறது. அடியில் என் தங்கச்சி கையெழுத்துப் போட வேண்டும், 'படித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்' என்று. வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையின் உயிர்நாடியான இடம் பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். மேனேஜர், எச்.ஆர். மேடம், நான்.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. பதினோரு அறைகள், எல்லாமே பூஜ்யத்துக்கும் இருபது டிகிரி கீழே. அங்கே இருக்கிற அத்தனை கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நான்தான் பொறுப்பு. பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைக்கிற மகராசர்களோடு பத்து வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை அங்கே குளிர் இயந்திர மெக்கானிக். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். தனியாக அறைக்குள் போகிறவர்களுக்காகவே போன வருஷம் நாற்பது போன் வாங்கினோம். உள்ளே போகும்முன் போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும், வெளியே வந்ததும் இன்னொன்று. இருபது நிமிடத்துக்குள் இரண்டாவது பட்டனை அமுக்காவிட்டால் சூப்பர்வைசர் மேஜையில் அலாரம் அடிக்கும். அறைக்குள் சிக்னல் கிடைக்கத் தனிப் பெட்டிகூட மாட்டினோம். நல்ல ஏற்பாடு. யோசனை என்னுடையது.

யாராவது வேலையை விட்டுப் போனால் அவருடைய போனை என் மேஜையிலிருந்தே பூட்டுவேன். பூட்டினால் திரையில் 'இது கம்பெனிக்குச் சொந்தமான போன்' என்ற வாசகமும் ஒரே ஒரு பட்டனும்தான் மிஞ்சும். அந்தப் பட்டன் என் மேஜை போனுக்கு வரும். வேறு எதற்கும் அது உதவாது. அதோடு அந்த போன் எல்லாப் பட்டியலிலிருந்தும் நீங்கிவிடும், அலாரப் பட்டியலிலிருந்தும்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஸ்டோர் கிளார்க்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். இடுப்பில் எந்நேரமும் சாவிகள் குலுங்குவதால் அவருக்குச் 'சாவிக்கொத்து' என்று பேர். மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எச்.ஆர். மேடம் காலையிலேயே என்னிடம் வந்தார்.

"பத்து நாப்பதுக்கு அவரை உள்ள கூப்பிடுறேன். அதே நிமிஷம் போனைப் பூட்டிடுங்க. அப்புறம் அவரு உங்களுக்குத்தான் அடிச்சுக் கத்துவாரு. எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா வாக்குவாதம்தான் வளரும்."

"எனக்கென்ன தலையெழுத்தா அவரு திட்டறதைக் கேக்க," என்றேன்.

பத்து நாற்பதுக்குப் பதினேழாம் எண் போனைப் பூட்டினேன். பத்து ஐம்பத்திரண்டுக்கு என் மேஜை போன் அடித்தது. திரையில் 17. சிரித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி 17. பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "அர்ச்சனை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். "நடக்கட்டும், நடக்கட்டும்," என்று சத்தத்தைக் குறைத்து வைத்தேன். பதினொன்று பத்துக்கு ஒரு தடவை. பதினொன்று இருபத்தாறுக்கு ஒரு தடவை. கடைசித் தடவை நிறைய நேரம் அடித்தது. நான் ஒரு பிரிண்டரோடு போராடிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வரவில்லை. மனுஷன் ஒருவழியாக அடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு எச்.ஆர். அறைக்குப் போனேன். சாவிக்கொத்து போனை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"கத்தினாரா மேடம்?"

"இல்லப்பா. பத்தே முக்காலுக்கே போனை வச்சிட்டுக் கண்ணைத் துடைச்சிக்கிட்டே போயிட்டாரு. பாவமா இருந்துச்சு."

போனைக் கையில் எடுத்தேன். திரை சாதாரணமாக விழித்துக்கொண்டது. பூட்டு இல்லை. முதுகில் 17 என்ற ஸ்டிக்கர். என் கம்ப்யூட்டரில் 17 பூட்டியிருக்கிறது, கையில் 17 திறந்திருக்கிறது. அப்படியானால் நான்கு தடவை என்னைக் கூப்பிட்டது யார்?

பதில் எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. நாற்பது போனுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய அன்று மாப்பிள்ளை டீயோடு என் மேஜைக்கு வந்தார். அவருக்கு வந்தது பதினேழு. "மச்சான், பதினெட்டா மாத்திக் குடுங்களேன். பாப்பா பொறந்த தேதி," என்றார். வீட்டு மனுஷன் கேட்கிறார், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? இரண்டு போனின் ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்டிக் கொடுத்தேன். போன் கொடுத்த ரெக்கார்டில் அவர் பேருக்கு நேரே பதினெட்டு என்று எழுதினேன். எந்த போனுக்கு எந்த எண் என்கிற கம்ப்யூட்டர் பட்டியலை மட்டும் டீ குடித்துவிட்டு மாற்றலாம் என்று விட்டேன். அப்புறம் அடியோடு மறந்துவிட்டேன். மற்றவர்களை ஒரு எழுத்துப் பிழைக்குக்கூட நிற்கவைத்துக் கேட்கிற நான்.

ஓடினேன். எந்த அறை என்று தெரியாது. கூடவே சூப்பர்வைசரும் ஓடிவந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தோம். ஒன்பதாவது அறைக்கு வெளியே, கொக்கியில் அவருடைய கனத்த கோட்டு தொங்கியது. உள்ளே கதவுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார். உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி பனி இறுகி அசையாமல் இருந்தது. அவர் விரல்களிலிருந்து போனை என்னால் எடுக்க முடியவில்லை. லேசாக மூச்சு இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அதுவும் நின்றுவிட்டது.

மறுநாள் மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். நடந்ததை நடந்தபடி நான் சொன்னேன். மேனேஜர் பேனாமூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"பதினெட்டாம் நம்பர் போன் அவருக்குக் குடுத்ததுன்னுதானே ரெக்கார்டுல இருக்கு? பதினெட்டுல பட்டன் அமுக்கின பதிவு இருக்கா, இல்லையா?"

"இல்ல சார். ஆனா பதினேழுல இருக்கு. பத்து முப்பத்தொண்ணுக்கு. அதுதான் அவரு போன்."

"பதினேழு வேலையை விட்டு அனுப்பின ஆளோட போன். அதை யாரும் கேக்கப்போறதில்ல. ரெண்டு போனையும் அழிச்சுப் புதுசாக்கிடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தங்கச்சி மூஞ்சியில முழிக்க வேணாமா நீ?"

அந்த ஒரு கேள்வியில் என் வாயைக் கட்டிவிட்டார். அழிக்கச் சொன்ன பதிவை நான் அழிக்கவில்லை, அந்தமட்டுக்கு யோக்கியன். ஆனால் மூன்று வாரம் வாயையும் திறக்கவில்லை. காரியமெல்லாம் முன்னால் நின்று செய்தேன். தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதபோது தட்டிக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அறிக்கை வந்த பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? பட்டன்கூட அமுக்காமல் உள்ளே போன அசட்டுத் தைரியக்காரர் என்று கூட வேலை பார்த்தவர்களே பேசினார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் தங்கச்சி வீட்டுக்கே வந்து, "சின்ன வயசுலருந்தே அவன் இப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாராம். பாப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்பா ஏன் பட்டன் அமுக்கவில்லை என்று தினமும் கேட்கிறாளாம்.

வியாழக்கிழமை மத்தியானம் தங்கச்சி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் அறிக்கை விரித்தபடி கிடந்தது.

"கோட்டு போடாம போனாரு. அஞ்சு நிமிஷ வேலைன்னு நெனச்சிருப்பாரு. அது அவரு தப்புதான், நான் ஒத்துக்கிறேன்," என்றாள். "ஆனா பட்டன் அமுக்காம போயிருக்க மாட்டாருண்ணா. இங்க பாத்ரூம் போறப்பகூட 'என்ட்ரி போட்டாச்சு'ன்னு பாப்பாவைச் சிரிக்க வைக்கிற ஆளு. எல்லா போனும் உன் கையிலதானே இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லு. நாளைக்கு நான் இதுல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"போடாத," என்றேன்.

பதினேழின் பதிவுகளை அச்செடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நாலைந்து நாளாக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஸ்டிக்கர் மாற்றியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்ததும் தாளில் இருந்த நேரங்களை விரல் வைத்துப் படித்தாள்.

"பத்து முப்பத்தொண்ணு. இது அவரு அமுக்கினது."

"ஆமா."

"இந்த நாலும்?"

"எனக்கு அடிச்சது."

"அடிக்கறதை நீ பாத்தியா?"

"பாத்தேன். சாவிக்கொத்துன்னு நெனச்சு எடுக்கல."

"அந்தப் பட்டன் உனக்குத்தான் வரும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது நான்தான்."

அவள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினாள். பதினோரு மணி வரை அந்தக் கதவுக்கு வெளியிலேயே ஆட்கள் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்றும், உள்ளிருந்து யாரும் தட்டவே இல்லை என்றும் எழுதியிருந்தது.

"ஏன் தட்டலன்னு தினமும் யோசிப்பேன்," என்றாள். "கதவை ரெண்டு தட்டு தட்டியிருந்தா தொறந்திருப்பாங்களே, இந்த மனுஷன் ஏன் சும்மா இருந்தாருன்னு. இப்போ புரியுது. மச்சான் எடுத்துடுவாருன்னு இருந்திருக்காரு."

அழக்கூட எனக்கு அங்கே உரிமை இல்லை என்று தோன்றியது. அவளும் அழவில்லை. எழுந்துபோய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடு. அவரு பட்டன் அமுக்கினதை முதல்ல எழுது, பாப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்."

எழுதினேன். முடிகிறவரை எதிரிலேயே நின்றாள். தாளை வாங்கி இரண்டு தடவை படித்து, மடித்து வைத்துக்கொண்டாள்.

"பாப்பா நாலு மணிக்கு வந்துடுவா," என்றாள். "அதுக்குள்ள நீ கிளம்பிடுண்ணா."