அண்டாவில் மிஞ்சிய கூழ்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருப் பஞ்சாயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்த ஐந்து பேரும் ஒரே வார்த்தை சொன்னால்தான் தீர்ப்பு. அறுபத்தெட்டில் கன்னியப்பன் விஷயத்தில் அது நடக்கவில்லை. மூன்று பேர் கொலை என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். கடைசியில், “ஆத்தா பாத்துக்குவா” என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். ஆத்தாவுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

நடந்ததைக் கன்னியப்பன் மறைக்கவே இல்லை. அவனும் துலுக்கானமும் தொழிற்பேட்டையில் ஒரே ஷிப்ட், இணைபிரியாத சிநேகம். ஏரியில் குளிக்கப் போனவர்கள் ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். துலுக்கானம் இவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இவன் உதறிவிட்டுக் கரையேறினான். அவன் ஏறவில்லை. போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. தெருவுக்கு அது போதவில்லை.

தீர்ப்பு வராததில் எங்கள் ஜனத்துக்குத் தலைகால் புரியவில்லை. குற்றவாளி என்றால் ஒதுக்கிவைக்கலாம், இல்லையென்றால் தோளில் கைபோடலாம். இப்போது என்ன செய்வது? அவன் பெண்டாட்டி குப்பம்மா குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. யாராவது திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டி மனம் ஆறியிருப்பாள், பாவம்.

ஆடியில் கூழ் வார்க்கும் நாள் வந்தது. வீட்டுக்கு வீடு கூழ் கொண்டுவந்து அம்மன் கோயில் அண்டாவில் ஊற்றுவோம். ஒதுக்கிவைத்த வீட்டுப் பானையைத்தான் தடுக்கலாம். குப்பம்மாவைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை, ஊற்றிவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது, அவள் கூழும் எங்கள் கூழும் ஒன்றாகிவிட்டது. கூழ் வாங்கத் தூக்குச் சட்டியோடு வந்தவர்களெல்லாம் வெங்காயத்தை மட்டும் கடித்துக்கொண்டு நழுவினார்கள்.

நான் கோயில் தூணோரம் ஒதுங்கி நின்றேன். அண்டா பக்கத்தில் கன்னியப்பன் தனியாக நின்றான். துலுக்கானத்தின் மனைவி பஞ்சவர்ணம் மட்டும் சொம்போடு வந்தாள். அவனே மொண்டு ஊற்றினான்.

“தங்கச்சி, நான் கொன்னேனா இன்னான்னு எனக்கே தெரில. அஞ்சு பேரு சொல்லிடுவாங்கன்னு நம்பிகினு இருந்தேன். நீயாவது சொல்லேன்.”

அவள் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒதறலன்னா குப்பம்மாவும் என்ன மாதிரிதான் நிப்பா. அது தெரிது அண்ணாத்தே. ஆனா அவர ஒதறின கைதானே இது. இந்தக் கூழு எறங்க மாட்டேங்குதே.”

குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. முந்தானையால் சொம்பை மூடி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். சொம்பு தட்டு போட்டு மூடியபடி மூலையில் இருந்தது. கூழ் புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. அவள் தரையைத் துடைத்துவிட்டு, சொம்பைத் திரும்ப அங்கேயே வைத்தாள்.